காமாலைக்குக் கீழாநெல்லி: அரைக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கொல்லிமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு வயது 38. கணவருக்கு 47, சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வாரத்துக்கு முன்பு கணவரின் கண் மஞ்சளாகி, சிறுநீரும் அடர் மஞ்சளாகப் போக ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை. ராத்திரியில் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளிறிச் சாம்பல் நிறத்தில் போகிறது, இடுப்புத் துணி நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். வாசகியின் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் பச்சிலை பறித்துக் கொடுப்பவர் அவர்தான். சளிக்குத் தூதுவளை, மூட்டு வலிக்கு முடவாட்டுக்கால் சூப், காய்ச்சலுக்குப் பெருமருந்துக் கொடி. மருமகனுக்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறார். உப்பும் எண்ணெயும் நிறுத்தியாயிற்று. கரும்புச்சாறும் குளுக்கோஸும் கொடுக்கிறார்கள். “கல்லீரல் கெட்டுப்போகும்” என்று சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து ஊரில் மூக்கில் சொட்டு விட்டுக் காமாலையை இறக்கும் ஒருவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் உறவினர்கள். வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கையும் இருக்கிறார். அவருடைய இருமலுக்கு அம்மா ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்.

“கீழாநெல்லியை இன்னும் எத்தனை நாள் கொடுக்கலாம்? மூக்கில் விடும் மருந்து நல்லதா? காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்தே கிடையாது என்கிறார்களே, அங்கே போய் என்ன ஆகப்போகிறது? அம்மாவின் கை மருந்தை நம்பி இந்தத் தெருவே பிழைத்திருக்கிறது. அவரை மீறி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருக்கு அது அவமானம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சித்த மருத்துவம் படித்தவன். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். கீழாநெல்லி என் மருந்துப் பெட்டியிலும் உண்டு. அதனால் உங்கள் அம்மாவின் பச்சிலையைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனாலும் உங்கள் கணவரை நாளைக் காலையிலேயே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மீதியை இந்தக் கடிதத்தில் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், நீங்கள் எழுதிய அறிகுறிகள் அப்படி. பித்தநீர் குடலுக்குள் இறங்குவதால்தான் மலத்துக்கு அதன் பழுப்பு நிறம் வருகிறது. அது இறங்காமல் நின்றால் மலம் வெளிறும், பித்த உப்பு ரத்தத்தில் ஏறித் தோல் அரிக்கும், சிறுநீர் கறுக்கும். வைரஸ் காமாலையிலும் இடையில் சில நாள் இப்படி இருக்கலாம். ஆனால் காய்ச்சலும் இல்லாமல், நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி ஒருவருக்கு அரிப்பும் சாம்பல் மலமும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால், பித்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் பார்ப்பார். கல்லாக இருக்கலாம். கணையத்தின் தலைப்பகுதியில் ஏதாவது கட்டி அழுத்திக்கொண்டிருக்கலாம். இது அதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது, உங்களைப் பயமுறுத்தவும் விரும்பவில்லை. அடைப்பாக இருந்தால் எந்த இலையாலும் அதைக் கரைக்க முடியாது. கல்லை எண்டோஸ்கோப்பி வழியாகவே பெரும்பாலும் எடுத்துவிடலாம். கட்டி என்றால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு வழிகள் கையில் இருக்கும். இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

நாளைக்குப் போகும்போது

வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி ஸ்கேனில் சரியாகத் தெரியாது. காலை மோர் மருந்தும் வேண்டாம். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி (மொத்தமும் நேரடியும் தனித்தனியாக), எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்கலைன் பாஸ்பட்டேஸ், ரத்தம் உறையும் நேரம், கிரியாட்டினின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் பரிசோதனையும் அவசியம். இந்த இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனையும் இலவச மருந்தும் தருவதற்கென்றே 2018-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. “அந்தத் திட்டத்தில் பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அப்புறம் வயிற்று ஸ்கேன். எல்லா ரிப்போர்ட்டுக்கும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழாநெல்லி எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறையப் பேர் திட்டு வாங்குவோமோ என்று மறைத்துவிடுகிறார்கள். அதனால் நஷ்டம் நோயாளிக்குத்தான். மிச்சமிருக்கும் செடியைக் கையோடு எடுத்துப்போனால் இன்னும் நல்லது.

ஒருவேளை இன்று இரவே அவர் பேச்சுத் தடுமாறினாலோ, பகலும் இரவும் புரியாமல் தூங்கினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் தார் நிறத்தில் போனாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா கொடுத்தபோது மற்றவர்களுக்கு ஏன் குணமானது?

இந்தக் கேள்வி உங்கள் மனதில் நிச்சயம் இருக்கும். தெருவில் அத்தனை பேருக்குச் சரியானது பொய்யா? இல்லை, அவர்களுக்குச் சரியானது உண்மைதான். நம் ஊர்களில் தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவும் காமாலை பெரும்பாலும் ஏ வைரஸ் அல்லது ஈ வைரஸால் வருவது. இந்த இரண்டும் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் உறுப்பு. அந்த நேரத்தில் கீழாநெல்லி குடித்தவரும் குணமாவார், குடிக்காதவரும் குணமாவார். ஓய்வும் மோரும் பசிக்கேற்ற உணவும் கொடுத்து, சாராயத்தைத் தொட விடாமல் வைத்திருந்தாரே உங்கள் அம்மா, அதுவே அவர்களுக்குச் செய்த பெரிய வைத்தியம்.

“ஆஸ்பத்திரியில் மருந்தே இல்லை” என்பது இங்கிருந்து வந்த பாதி உண்மை. ஏ-க்கும் ஈ-க்கும் பொதுவாகத் தனி மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் கண் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. எலிக்காய்ச்சல் என்றால் ஆன்டிபயாட்டிக் உண்டு. சி வைரஸை இன்று மாத்திரையிலேயே உடம்பிலிருந்து நீக்கிவிடலாம். பி வைரஸை அடக்கிவைக்க மாத்திரை இருக்கிறது. காசநோய் மாத்திரையால் வந்த காமாலை என்றால் முதலில் அந்த மாத்திரையை நிறுத்தி மாற்ற வேண்டும். எலி பேஸ்ட் தின்றுவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்களுக்கும் மூன்று நான்கு நாள் கழித்துக் கண் மஞ்சளாகும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அதிகமானால் மூளையைப் பாதிக்கும், அதற்கு ஒளி சிகிச்சை வேண்டும். எல்லோருடைய கண்ணும் ஒரே மஞ்சள்தான். இலையைப் பறிப்பதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கீழாநெல்லியைப் பற்றி ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. சென்னையில் பேராசிரியர் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எனக்கும் பெருமை தந்த ஆய்வு அது. ஆனால் அப்புறம் தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், வெறும் பொடியைவிட இது மேல் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே சொன்னது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வு நாள்பட்ட பி வைரஸைப் பற்றியது. “கீழாநெல்லியை லான்செட்டே ஒப்புக்கொண்டது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் அதை எல்லாக் காமாலைக்கும் நீட்டிவிடுகின்றன.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பரிசோதனை முடிவு வரும்வரை கீழாநெல்லியை நிறுத்திவையுங்கள். சாதாரண ஏ வைரஸ் என்று தெரிந்து, ரத்தத்தில் அளவுகள் இறங்கிக்கொண்டும் இருந்தால், பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொட்டைப்பாக்கு அளவு என்ற பழைய கணக்கில் சில நாள் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். அடைப்பு என்றால் வேண்டாம்.

பறிப்பதிலும் அரைப்பதிலும்

அம்மாவுக்குச் செடி தெரியும், சந்தேகமில்லை. பச்சைத் தண்டு, இலைக்காம்பின் அடியில் குட்டிக் காம்போடு தொங்கும் வழவழப்பான காய் என்று அடையாளம் பார்த்துத்தான் பறிப்பார். ஆனால் தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் செடியும் அதே வரப்பில் முளைக்கும். பேரப்பிள்ளையை அனுப்பிப் பறிக்கச் சொன்னால் இரண்டும் கலந்துதான் வரும். நாட்டுமருந்துக் கடை மூட்டைகளிலும் இந்தக் கலப்பு சகஜம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வரப்பு. முன்பு வயல் வரப்பில் பறித்த செடியில் மண் மட்டும்தான் இருந்தது. இப்போது களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்காத வரப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அதே வரப்பில் எலிச் சிறுநீரும் சாக்கடைத் தண்ணீரும் ஓடுகின்றன. பச்சையாக அரைத்து, கொதிக்கவைக்காத தண்ணீர் ஊற்றிய மோரில் கலந்து குடித்தால், எந்தத் தண்ணீரால் காமாலை வந்ததோ அதையே திரும்பக் கொடுத்ததாகிவிடும். வீட்டுத் தொட்டியில் வளர்த்து, கொதித்து ஆறிய நீரில் கழுவி அரைப்பதே நல்லது.

“பச்சிலைக்குப் பக்க விளைவு கிடையாது” என்று எழுதியிருந்தீர்கள். இந்த நம்பிக்கையை நான் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் பெருமருந்துக் கொடி இருக்கிறது. ஈஸ்வரமூலி என்றும் சொல்வார்கள். அதுவும் ஆடுதின்னாப்பாளையும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகைக் கலவை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்தக் கலவையில் இதே இனத்துச் செடி ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டிருந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பாதிப்பு உடனே தெரியாது, மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். அதனால்தான் “நாங்கள் காலம் காலமாகக் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்ற அனுபவத்தில் இது பிடிபடவே படாது. காய்ச்சலுக்கோ பூச்சிக்கடிக்கோ அந்தக் கொடியை இனி உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தூதுவளை ரசமும் முடவாட்டுக்கால் சூப்பும் தாராளமாகத் தொடரட்டும்.

மூக்கில் விடும் மருந்து வேண்டவே வேண்டாம்

இதற்குப் பல இடங்களில் கசப்புப் பீர்க்கு வகைக் காய்களின் சாற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது மூக்கின் உள்தோலைக் கடுமையாக அரித்துப் புண்ணாக்கும். அந்த எரிச்சலில் மணிக்கணக்காக மஞ்சளாக நீர் கொட்டும். அதைப் பார்த்துக் காமாலை இறங்குகிறது என்று நினைக்கிறார்கள். கல்லீரலிலிருந்தோ பித்தக் குழாயிலிருந்தோ மூக்குக்கு வழியே கிடையாது. உறையும் தன்மை குறைந்திருக்கும் கல்லீரல் நோயாளிக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நிறுத்துவது கஷ்டம். மணிக்கட்டில் சூடு போடுவதும், கண்ணில் சாறு விடுவதும் இப்படித்தான். சர்க்கரை இருப்பவருக்குச் சூட்டுப் புண் சீக்கிரம் ஆறாது.

யாராக இருந்தாலும் வைத்தியம் பார்ப்பவரிடம் பதிவு எண் கேட்கலாம். சித்தா, ஆயுர்வேதம் எதுவானாலும் முறையான தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் தொழிலாக வைத்தியம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வீட்டுக்குள் அம்மா கஷாயம் வைப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு மூக்கில் சாறு ஊற்றுவது வேறு.

பத்தியமும் சர்க்கரையும்

உப்பை அறவே நிறுத்தச் சொல்வது வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குப் பொருந்தும். அப்போதும் மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு உப்பில்லாப் பத்தியம் சோர்வைக் கூட்டி, சாப்பாட்டின் மேல் வெறுப்பைத்தான் உண்டாக்கும். இட்லி, இடியாப்பம், பருப்புச் சோறு, வெந்த காய்கறி, மோர், உப்புப் போட்டே கொடுங்கள். எண்ணெயைக் குமட்டலுக்கு ஏற்பக் குறைத்தால் போதும்.

கரும்புச்சாற்றையும் குளுக்கோஸையும் இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையையும் நிறுத்திவிட்டு இவற்றைக் கொடுத்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. உடல் மெலிந்ததற்கு அதுவேகூட ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகப் பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். கல்லீரல் இந்த நிலையில் இருக்கும்போது சில சர்க்கரை மாத்திரைகள் பொருந்தாது, சில சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். இன்சுலினா, வேறு மாத்திரையா என்பதை நாளைக்குப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தங்கையின் விஷயம்

நீங்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனீர்கள். எனக்கு அது இரண்டு காரணங்களுக்காக முக்கியமாகப் பட்டது.

ஒன்று, ஆடாதோடை. இருமலுக்கு அது அருமையான மூலிகை. கடைகளில் சளியைக் கரைக்க விற்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவானதுதான். ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உண்டு. பிரசவ நேரம் வரும்வரை கர்ப்பிணிக்கு ஆடாதோடை கூடாது என்பது சித்த மருத்துவர்களான நாங்களே கடைப்பிடிக்கும் எச்சரிக்கை. வெந்நீர் ஆவி, உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு போதும். இருமல் நிற்கவில்லை என்றால் அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, குடிதண்ணீர். உங்கள் கணவருக்கு வந்திருப்பது ஈ வைரஸாக இருந்தால் அதே தண்ணீரைத் தங்கையும் குடிக்கிறார். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈ வைரஸ் தாக்கினால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. 1955-56-இல் டெல்லியில் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தபோதும் கர்ப்பிணிகளைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. அதனால் இன்றிலிருந்தே எல்லோருக்கும் கொதித்து ஆறிய தண்ணீர். மோர் கரைப்பதும் அதில்தான். கழிவறைக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கணவருக்கு வந்தது என்னவென்று தெரியும்வரை தங்கையைப் புகுந்த வீட்டிலோ வேறு உறவினர் வீட்டிலோ வைத்திருக்க முடிந்தால் வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் காமாலை இருப்பதைக் கண்டிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அம்மாவிடம்

அவமானம் என்ற சொல்லைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது. மருமகன் பிழைக்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து செடி தேடிப்போகும் பெண்மணி அவர். அவரிடம் “உன் மருந்து பொய்” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது உண்மையும் இல்லை. “அம்மா, இவருக்கு மலம் வெளுத்துப் போகிறது. நீங்கள் பார்த்த மற்றவர்களுக்கு இப்படி இருந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். வருடக் கணக்காக நோயாளிகளைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் நாடி நூல்களும் நீர்க்குறி, நெய்க்குறி, மலக்குறி பார்த்துத்தான் மருந்து சொல்கின்றன. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அந்தப் பார்வையின் நீட்சிதான் என்றால் அவர் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். முடிந்தால் அவரையும் கூடவே அழைத்துப்போங்கள். பெரிய மருத்துவமனையில் சித்தா பிரிவும் இருக்கும். தான் கொடுத்ததையெல்லாம் அங்கேயுள்ள மருத்துவரிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும். எதைத் தொடரலாம், எதை விட வேண்டும் என்று ஒரு சித்த மருத்துவர் சொல்லிக் கேட்பது அவருக்கும் மரியாதையாக இருக்கும்.

ஸ்கேனில் அடைப்பு தெரிந்தால் குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவர் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் முதல் நாளே கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்; பழைய சர்க்கரை மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும். ரிப்போர்ட் வந்ததும் பிலிருபின் அளவையும் ஸ்கேனில் எழுதியிருப்பதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கீழாநெல்லியைப் பற்றி மறுபடி பேசலாம்.